உள்ளூர்க்காரனுக்கு முதலில் வேலை என்று சொன்னால் நான் இனவெறியனா? என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். இருபது வருடம் ஆகிறது. தமிழ்நாட்டு வேலைகளில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு முன்னுரிமை வேண்டும் என்பது என் அரசியல் கருத்து. இதை டீக்கடையில் சொன்னால் முதுகில் தட்டுகிறார்கள். கல்யாண வீட்டில் சொன்னபோது சென்னையில் படிக்கும் தங்கை மகள், "மாமா, நீங்க பேசறது இனவெறி" என்று சாப்பாட்டுப் பந்தியிலேயே சொல்லிவிட்டாள். தட்டியவர்களும் திட்டியவளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் ஒன்றுதான். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

முதலில், உங்கள் கருத்துதான் என்ன?

தமிழ்நாட்டு அரசு வேலைக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். அரசாங்கத்திடம் நிலமும் மின்சாரச் சலுகையும் வாங்கும் கம்பெனி, சுற்றுவட்டார ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து முதலில் அவர்களை எடுக்க வேண்டும். வெளிமாநிலத்திலிருந்து ஆள் பிடித்து வரும் ஏஜென்டுகள் பதிவு செய்திருக்க வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

எவரையும் விரட்ட வேண்டும் என்றோ, வீடு கொடுக்கக் கூடாது என்றோ நான் சொல்லவில்லை. ஆனால் நான் சொல்லாததையும் சேர்த்துத்தான் கேட்பவர் காதில் விழுகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது.

என்ன காரணம்?

கூட்டாளிகள்தான். "உள்ளூர்க்காரனுக்கு வேலை" என்று நான் ஒரு வாட்ஸ்அப் குழுவில் எழுதினால், அடுத்த நிமிஷம் கீழே ஒருவர் "பான்பராக் வாயனுங்களை ரயில் ஏத்தி அனுப்பணும்" என்று எழுதுகிறார். அதற்கு நாற்பது கைதட்டல். என் வரிக்கு நான்கு. படிக்கிறவருக்கு இரண்டும் ஒரே ஆள் எழுதியது போலத்தான் தெரியும்.

இன்னொன்று, இந்த வாக்கியத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1966இல் பம்பாயில் சிவசேனா தொடங்கியபோது அவர்களும் "மண்ணின் மைந்தர்களுக்கு வேலை" என்றுதான் ஆரம்பித்தார்கள். ஆபீஸ் குமாஸ்தா வேலையெல்லாம் மதராசிகளிடம் போய்விட்டது, மராத்திக்காரனுக்கு என்ன மிச்சம் என்பது கேள்வி. கேள்வியில் ஒரு நியாயம் இருந்தது. அது தெருவுக்கு வந்தபோது, லுங்கி கட்டியவனைத் துரத்து என்ற கோஷமாகவும், தென்னிந்திய ஹோட்டல்கள் மேல் விழுந்த கல்லாகவும் மாறியது. அன்றைக்கு அந்த லுங்கி நம் ஆட்களுடையது. இதைத் தெரிந்துகொண்டே நான் அதே வாக்கியத்தைச் சொல்கிறேன் என்பதால், என்னைச் சந்தேகிப்பவர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. எரிச்சல் வரும், அது வேறு.

அரசியல் சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறதா?

பெரும்பாலும் கொடுக்கவில்லை. இந்தியக் குடிமகன் நாட்டில் எங்கேயும் போகலாம், குடியிருக்கலாம், தொழில் செய்யலாம் என்கிறது 19ஆவது பிரிவு. பிறந்த ஊரையோ குடியிருக்கும் இடத்தையோ மட்டும் வைத்து அரசு வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது 16(2). குடியிருப்பு நிபந்தனை வைக்க வேண்டுமானால் நாடாளுமன்றம்தான் சட்டம் போட வேண்டும், மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை.

தனியார் வேலையில் கை வைத்த மாநிலங்கள் உண்டு. ஆந்திரா 2019இல் தொழிற்சாலை வேலைகளில் 75 சதவீதம் உள்ளூர் ஆட்களுக்கு என்று சட்டம் போட்டது. ஹரியானாவும் மாதம் 30,000 ரூபாய்க்குக் கீழே உள்ள தனியார் வேலைகளில் 75 சதவீதம் என்றது; 2023 நவம்பரில் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. கர்நாடகம் 2024 ஜூலையில் மசோதாவை அமைச்சரவையில் நிறைவேற்றி, ஐ.டி. கம்பெனிகள் போட்ட சத்தத்தில் இரண்டே நாளில் நிறுத்தி வைத்தது. நம் ஊரிலும் 2021 தேர்தல் அறிக்கையில் திமுக 75 சதவீத வாக்குறுதி கொடுத்தது.

மொழி வழி மட்டும் திறந்திருக்கிறது. 2021 டிசம்பரில் வந்த அரசாணைப்படி டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் தமிழ்த் தாளில் 40 சதவீதம் எடுத்தால்தான் மற்ற தாள்களையே திருத்துவார்கள். இதில் பிறந்த ஊர் வரவில்லை பாருங்கள். பாட்னாவில் பிறந்தவர் தமிழ் படித்து வந்தால் எழுதலாம். தாலுகா ஆபீசில் மனு கொடுக்க வரும் பாட்டியிடம் பேசத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். என் மூன்று கோரிக்கையில் இதைத்தான் தங்கை மகளும் ஒப்புக்கொள்கிறாள்.

சட்டத்துக்கே எதிரானது என்றால் கருத்தே தப்புதானே?

அப்படிச் சொல்ல முடியாது. நம் ஊர்க் கதையே இருக்கிறது. சாதி, மதவாரியாகக் கல்லூரி இடங்களைப் பிரித்துக் கொடுத்த, சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி உரிமை அரசாணையை 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பெரியார் தெருவில் இறங்கினார். அதே வருடம் முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்து, பின்தங்கியவர்களுக்குத் தனி ஏற்பாடு செய்ய இடம் கொடுக்கும் 15(4) சேர்ந்தது. சட்டம் இன்றைக்கு இடம் கொடுக்கவில்லை என்பதற்காக ஒரு கோரிக்கையைக் கைவிட்டிருந்தால் இன்று தமிழ்நாட்டில் பாதிப் பேர் கல்லூரி வாசலை மிதித்திருக்க மாட்டோம்.

ஆனால் அந்தக் கோரிக்கை தள்ளி வைக்கப்பட்டவனை உள்ளே கொண்டுவரக் கேட்டது. என்னுடையது, ஓரளவுக்காவது, ஒருவனை வெளியே நிறுத்தக் கேட்கிறது. எதிரே நிற்பவன் அய்யரும் அல்ல, ஜமீன்தாரும் அல்ல. சொந்த ஊரில் சோறில்லாமல் இரண்டு நாள் ரயிலில் நின்றுகொண்டு வந்தவன். இந்த இடத்தில் என் வாதம் நொண்டுகிறது என்று எனக்குத் தெரியும்.

'வடக்கன்' என்று சொல்வது தப்பா? அது திசையின் பெயர்தானே?

நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் டீ டைம். செக்கிங் டேபிள் ஓரமாக நின்று போனில் நண்பரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "இந்த வடக்கனுங்களை நம்பி ஆர்டர் எடுக்க முடியாதுப்பா, சனிக்கிழமை சம்பளம் வாங்குனா ஞாயித்துக்கிழமை காணாமப் போயிடுவானுங்க." போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பின்னால் ஓவர்லாக் மெஷினில் துணி ஓரம் தைக்கும் தம்பி நிற்கிறான், கையில் ஒரு கட்டுத் துணியோடு. வந்து மூன்று வருடம் ஆகிறது, தமிழ் சுத்தமாகப் பேசுவான்.

"அண்ணா, எங்க ஊரு ஒடிசா, கஞ்சாம். கடலோரம். மேப்புல பாருங்க, அது கிழக்கு" என்றான்.

பஞ்சுத் தூசிக்காக முகத்தில் துணி கட்டியிருந்தான். சிரித்துக்கொண்டு சொன்னானா, முறைத்துக்கொண்டு சொன்னானா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அப்புறம் கையிலிருந்த கட்டை டேபிளில் வைத்தான். "எம் சைஸ் கட்டுல எல் சைஸ் கை கலந்திருக்கு, தைக்கட்டுமா நிறுத்தட்டுமா?" அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறான். கட்டிங்கில் நடந்த தப்பு. பார்க்காமல் தைத்திருந்தால் அந்த லாட் முழுக்கப் பிரித்திருக்க வேண்டும், பதில் நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

திசையின் பெயர்தான், சரி. ஆனால் ஒடிசாக்காரனும் அசாம்காரனும் ஜார்க்கண்ட்காரனும் அந்த ஒரே சொல்லுக்குள் விழுந்துவிடுகிறார்கள். அவர்களுக்குள் ஒருவர் மொழி ஒருவருக்குப் புரியாது. நம்மை எல்லாம் சேர்த்து 'மதராசி' என்று சொன்னபோது நாம் என்ன பதில் சொன்னோம் என்று யோசித்தால் போதும்.

கேரளாவில் அரசே 'அதிதி தொழிலாளி', அதாவது விருந்தாளித் தொழிலாளி என்கிறது. கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. எனக்கென்னவோ அதிலும் 'எப்போ கிளம்பறீங்க' என்ற கேள்வி ஒளிந்திருப்பதாகப் படுகிறது.

நம் ஆட்களுக்கு வேலை கொடுக்காமல் முதலாளிகள் ஏன் வெளியாட்களைத் தேடுகிறார்கள்?

"கம்மி சம்பளம்" என்பது டீக்கடைப் பதில். பாதி உண்மை. திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் டெய்லருக்கு ஊர் பார்த்து ரேட் மாறுவதில்லை. மாறுவது வேறு விஷயம். நம் ஊர் ஆள் எட்டு மணி ஷிப்ட் முடிந்தால் வீட்டுக்குப் போக வேண்டும். பிள்ளைக்கு டியூஷன், சொந்தத்தில் காதுகுத்து, ஆடியில் கோயில் திருவிழா. வெளியூர் ஆள் கம்பெனி ரூமிலேயே இருப்பான். ஒன்றரை ஷிப்ட் போடு என்றால் போடுவான், ஷிப்மென்ட் நேரத்தில் ராத்திரி எழுப்பினாலும் வருவான். முதலாளி வாங்குவது அந்த 'எப்போதும் இருப்பதை'த்தான். அவனுக்கு இங்கே குடும்பம் இல்லை என்பதுதான் அவன் தகுதி. யோசித்தால் கொடுமையான தகுதி.

நம் பிள்ளைகள் படித்துவிட்டார்கள் என்பதும் உண்மை. 2021-22 அரசுக் கணக்கில் தமிழ்நாட்டில் கல்லூரி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 47 பேர் உயர்கல்வியில் இருந்தார்கள். இந்திய அளவில் 28. கூடவே, பிள்ளைகளே குறைவு. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் (2019-21) ஒரு பெண்ணுக்குத் தமிழ்நாட்டில் 1.8 பிள்ளை, பீகாரில் 3. என் மகனே பொறியியல் முடித்துவிட்டு, "பனியன் கம்பெனிக்கு மட்டும் வர மாட்டேன்ப்பா" என்கிறான். உள்ளூர்க்காரனுக்கு முன்னுரிமை கேட்கும் என் வீட்டிலேயே உள்ளூர்க்காரன் வரத் தயாராக இல்லை. இதைச் சொல்லித் தங்கை மகள் ஒரு மணி நேரம் சிரித்தாள்.

நியாயமாகப் பார்த்தால் என் கோபம் போக வேண்டிய இடம் ஏஜென்ட். வெளிமாநிலத் தொழிலாளர்களைக் கூட்டி வரும் கான்ட்ராக்டருக்கு லைசென்ஸ் வேண்டும், அவர்கள் பெயரை ரிஜிஸ்தரில் எழுத வேண்டும், போக்குவரத்துப் படி கொடுக்க வேண்டும் என்று 1979லேயே மத்திய அரசு சட்டம் போட்டது. நான் பார்த்த ஏஜென்டுகளிடம் இருந்த ஒரே ரிஜிஸ்தர், யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் என்று எழுதிய நாற்பது பக்க நோட்டு.

2023இல் இங்கே வடமாநிலத் தொழிலாளர்களைத் தாக்கினார்கள் என்றார்களே?

பொய் வீடியோ. வேறு ஊர்களில், வேறு காரணத்துக்கு நடந்த அடிதடிகளைத் 'தமிழ்நாட்டில் பீகாரிகளைக் கொல்கிறார்கள்' என்று மார்ச் மாதம் பரப்பினார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. பரப்பியவர்கள் மேல் வழக்கும் கைதும் நடந்தன.

இதை நம் ஆட்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஜனவரியில் நடந்ததைச் சொல்ல மாட்டார்கள். திருப்பூரில் நடந்த ஒரு சில்லறைத் தகராறில் தொழிலாளர்கள் உள்ளூர்ப் பையன்களைத் துரத்தும் வீடியோ வந்தது. 'தமிழனைத் தமிழ்நாட்டிலேயே அடிக்கிறான்' என்று எங்கள் குழுவில் ராத்திரி முழுக்கச் சுற்றியது. நானும் இரண்டு குழுவுக்கு அனுப்பினேன். விசாரிக்காமல் அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து வந்த வீடியோவைப் பார்த்து "இப்படியா விசாரிக்காம அனுப்புவானுங்க" என்று கோபப்பட்டதும் நான்தான்.

அந்த மார்ச் முதல் வாரம் எங்கள் கம்பெனியில் பதினோரு மெஷின் காலி. ஹோலிக்குப் போனவர்கள் எத்தனை, பயந்து போனவர்கள் எத்தனை என்று பிரிக்க முடியவில்லை. ஓவர்லாக் தம்பி போகவில்லை. அவன் அம்மா ஒரு நாளைக்கு நான்கு முறை போன் பண்ணினார். ஒரு முறை போனை என்னிடம் கொடுத்தான். ஒடியாவில் அழுகிறார், எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. "ஒண்ணும் இல்லைம்மா, ஒண்ணும் இல்லைம்மா" என்று தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அவர்களுக்கு வீடு கொடுக்க மறுப்பது வீட்டுக்காரர் உரிமை இல்லையா?

என் அப்பா தேனிப் பக்கத்திலிருந்து 1980களில் திருப்பூர் வந்தவர். சாயப்பட்டறை வேலை. அன்றைக்கு இங்கே, "தெக்கத்தி ஆளுகளுக்கு வீடு இல்லை" என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். குடிப்பான், அரிவாள் எடுப்பான், வாடகை தராமல் ஓடிவிடுவான். அதற்கு முன்னால் என்ன சாதி என்ற கேள்வி வேறு. எட்டு வீடு ஏறி இறங்கி ஒன்பதாவது வீட்டில், கக்கூஸ் பக்கத்து அறை கிடைத்தது என்று அம்மா இன்றும் சொல்வார்.

இப்போது அதே தெருவில் லைன் வீடுகளில் 'வடமாநிலத்தவருக்கு வீடு இல்லை' என்ற அட்டை தொங்குகிறது. தொங்கவிடாத வீட்டுக்காரர், பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேரை வைத்து ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார். அட்டை தொங்கவிட்டவர்களில் ஒருவர் உசிலம்பட்டிக்காரர். எங்கள் அப்பாவோடு ஒரே பட்டறையில் துணி அலசியவர். அவரிடம் கேட்டேன். "அது வேற, இது வேற தம்பி" என்றார். என்ன வேறு என்று இரண்டாவது தடவை கேட்கவில்லை. அவருக்கு எழுபது வயதாகிறது.

குற்றங்கள் கூடிவிட்டதே, அதைச் சொல்வதும் தப்பா?

குற்றம் செய்தவனைச் சொல்லுங்கள். 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வங்கிக் கொள்ளைச் சந்தேகத்தில் ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதற்குப் பிறகு சென்னையில் வாடகைக்கு இருப்பவர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்கச் சொன்னார்கள். ஐந்து பேர் மேல் இருந்த சந்தேகம் அந்தப் பக்கத்து முகம் உள்ள அத்தனை பேர் மேலும் ஏறிக்கொண்டது. நம் ஊர் ஆள் திருடினால் அவன் பெயரைச் சொல்கிறோம். அவர்கள் திருடினால் மாநிலத்தின் பெயரைச் சொல்கிறோம்.

ஓட்டுரிமை?

வழக்கமாக எங்கே வசிக்கிறாரோ அங்கே ஓட்டு என்பது 1950லிருந்து சட்டம். தாராவியில் தமிழன் ஓட்டுப் போடுவதும் இந்தச் சட்டத்தில்தான். மேற்கொண்டு பேச எனக்கு ஒன்றும் இல்லை.

நாமும் வெளியே போனவர்கள்தானே என்கிறார்கள். அதற்கு என்ன பதில்?

நேர்மையான பதில் என்னிடம் இல்லை. இலங்கையில் மலையகத் தோட்டத்தில் தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்களை 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து இந்தப் பக்கம் 5,25,000 பேர், அந்தப் பக்கம் 3,00,000 பேர் என்று பிரித்தார்கள். மிச்சம் ஒன்றரை லட்சத்தை அப்புறம் பார்க்கலாம் என்று வைத்தார்கள். ஒரு மனிதரைக்கூட எதுவும் கேட்கவில்லை. பர்மாவில் 1962 ராணுவ ஆட்சிக்குப் பிறகு கடையும் நிலமும் பறிபோய்க் கப்பலேறி வந்தவர்கள் சென்னையில் பர்மா பஜார் போட்டார்கள்.

'அவர்கள் வெளிநாடு போனார்கள், இவர்கள் ஒரே நாட்டுக்குள் வருகிறார்கள்' என்று ஒருவர் எனக்கு ஆதரவாகச் சொன்னார். அது எனக்கு எதிரான வாதம் என்பது அவருக்குப் புரியவில்லை.

அப்படியானால் உங்களை இனவெறியன் என்று சொல்வது சரிதானா?

கருத்துக்காகச் சொன்னால் சரியில்லை. அரசு வேலைக்குத் தமிழ் கேட்பதும், சலுகை வாங்கிய கம்பெனியிடம் கணக்குக் கேட்பதும் வெறுப்பு அல்ல. அந்தப் பட்டத்தை எடுத்த எடுப்பில் ஒட்டினால், வேலை கிடைக்காத பையன் பான்பராக் ஜோக் சொல்கிறவன் பக்கம்தான் போய் நிற்பான். அவன்தான் தோளில் கை போடுகிறான். தங்கை மகளிடம் இதைச் சொல்லியிருக்கிறேன்.

போனில் நான் பேசிய பேச்சுக்காகவும், அனுப்பிய வீடியோவுக்காகவும் சொன்னால் மறுக்க மாட்டேன். இப்போது எதை எழுதினாலும் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: இதை ஓவர்லாக் தம்பி முன்னால் நின்று, அவன் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியுமா? "தாசில்தார் ஆபீஸ் வேலைக்குத் தமிழ் பரீட்சை எழுதணும்பா" என்று அவனிடம் சொல்லலாம். சொல்லியும் இருக்கிறேன். "நான் எழுதுனா பாஸாயிடுவேண்ணா, பேச்சுக்கு மார்க் உண்டா?" என்றான். "ஊருக்குப் போ" என்று சொல்ல வாய் வராது. வாய் வராததை இப்போது எழுதுவதும் இல்லை.

அந்த வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகிவிட்டீர்களா?

இல்லை. விலகினால் அங்கே மறுத்துப் பேச ஒரு ஆளும் இருக்காது. மூன்று பேர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்கள், அதில் ஒருவர் பங்காளி.

அந்தத் தம்பி இப்போது எங்கே இருக்கிறான்?

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனான், திரும்பி வரவில்லை. இப்போது சூரத்தில், தறியில். அவன் ஊர்க்காரர்கள் அங்கே நிறைய. போனில் பேசினான், இங்கே வாங்கியதைவிடக் கொஞ்சம் குறைவுதானாம், ஆனால் "பேச ஆள் இருக்குண்ணா" என்றான். அவன் மெஷின் மேல் கவர் போட்டு வைத்திருக்கிறோம். கேட்டில் 'ஓவர்லாக் டெய்லர் உடனடித் தேவை' என்று போர்டு தொங்குகிறது. மேலே தமிழில், கீழே இந்தியில். மூன்று வாரமாக மேல் வரியைப் படித்து யாரும் உள்ளே வரவில்லை.